ரிலேஷனல் அல்லாத டேட்டாபேஸில் எது நமக்குச் சரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு மென்பொருள் அமைத்துத் தருகிற வேலையில் இருப்பதால், டேட்டாபேஸ் தேர்வு பற்றிய சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, பின்னால் சுட்டிக்காட்ட வசதியாக எண்ணும் கொடுத்திருக்கிறேன். ஆர்டர், ஸ்டாக், வாடிக்கையாளர் விவரம், பில் மாதிரியான வியாபாரத் தரவை மனதில் வைத்து எழுதியது இது. கோடிக்கணக்கான பேர் புழங்கும் சமூக வலைத்தளம் கட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

1. ரிலேஷனல் இல்லாத டேட்டாபேஸ்னா எல்லாம் ஒரே வகைதானே?

இல்லை. ரிலேஷனல் என்பது தரவை வரி, நெடுவரிசை கொண்ட டேபிள்களில் வைத்து, எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியில் கேட்கும் வகை. அது அல்லாதவை என்ற ஒரே பெயரின் கீழ் நாலு குடும்பங்கள் இருக்கின்றன. மாங்கோடிபி, கவுச்பேஸ், ஃபயர்ஸ்டோர் போன்றவை டாக்குமென்ட் வகை: ஒரு ஆர்டரை அதன் வரிகளோடு சேர்த்து ஒரே ஜேசன் (புலத்தின் பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) ஆவணமாக வைக்கும். ரெடிஸ் போன்றவை கீ கொடுத்தால் மதிப்பைத் தரும் வகை. கசாண்ட்ரா, சில்லாடிபி இரண்டும் பல சர்வர்களில் பரப்பி எழுதுவதற்கான அகன்ற நெடுவரிசை வகை. நியோ4ஜே உறவுகளைப் பின்தொடரும் கிராஃப் வகை. அமேசானின் டைனமோடிபி முதல் இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது.

இவற்றில் பலவற்றுக்கு இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் மூலம்: கூகுள் 2006-இல் வெளியிட்ட பிக்டேபிள் கட்டுரை, அமேசான் 2007-இல் வெளியிட்ட டைனமோ கட்டுரை. ஃபேஸ்புக்கில் பிறந்து 2008-இல் திறந்த மூலமாக வந்த கசாண்ட்ரா இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனங்களுக்கு இருந்த பிரச்சினை, ஒரே சர்வரில் அடங்காத சுமை. உங்களுக்கும் அதே பிரச்சினைதானா என்பதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

2. எங்க கம்பெனிக்கு இது தேவையா, போஸ்ட்கிரெஸ் போதாதா?

போஸ்ட்கிரெஸ் ஒரு திறந்த மூல ரிலேஷனல் டேட்டாபேஸ். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அது போதும். சில கோடி வரிகள் கொண்ட டேபிள், சரியான இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) இருந்தால், ஒரே நல்ல சர்வரில் சிரமமில்லாமல் ஓடும். "எங்கள் தரவு ஒவ்வொன்றும் ஒரு வடிவம்" என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 2014 டிசம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.4 முதலே ஜேசன்பி என்ற நெடுவரிசை வகை உண்டு. ஜேசனை அப்படியே போட்டு, உள்ளே இருக்கும் புலத்துக்கும் இண்டெக்ஸ் வைக்கலாம்.

பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் தன் கட்டுரைகளை மாங்கோடிபியில் வைத்திருந்தது. 2018-இல் போஸ்ட்கிரெஸுக்கு மாறியபோது அந்த ஆவணங்களை ஜேசன்பியாகவே கொண்டுபோனார்கள். மாங்கோவைத் தாங்களே அமேசான் சர்வர்களில் ஏற்றி நிர்வகிப்பதில் இருந்த தொல்லைதான் அவர்களை நகர்த்திய முக்கியக் காரணம், தரவின் வடிவம் அல்ல.

வெளியே போக நியாயமான காரணங்களும் உண்டு. எழுதும் வேகம் ஒரு சர்வரின் சக்தியைத் தாண்டுவது, பல நாடுகளில் ஒரே நேரம் எழுத வேண்டியிருப்பது, நெட் இல்லாத இடத்திலும் செயலி இயங்க வேண்டியிருப்பது, சர்வர் நிர்வாகத்துக்கு ஆளே இல்லாதது. இதில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

3. டேட்டா எவ்வளவு ஆனா மாறணும்? ஒரு நம்பர் சொல்லுங்க.

அப்படி ஒரு எண் கிடையாது. டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியின் கதையைப் பாருங்கள். அவர்கள் எல்லாச் செய்திகளையும் மாங்கோடிபியில் ஒரே ரெப்ளிகா தொகுதியில் (ஒரே தரவின் பிரதிகளை வைத்திருக்கும் சர்வர் கூட்டம்) வைத்திருந்தார்கள். 2015 நவம்பரில் செய்திகள் 10 கோடியைத் தொட்டபோது தொல்லை ஆரம்பித்தது. 10 கோடி என்ற எண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. தரவும் இண்டெக்ஸும் நினைவகத்தில் அடங்காமல் போனதால், பதில் வரும் நேரம் கணிக்க முடியாததாக ஆகிவிட்டது. படிப்பதோ தாறுமாறாக, எங்கேயோ இருக்கும் பழைய செய்தி, யாரோ ஒருவருக்கு.

உங்கள் ஆர்டர் டேபிளில் அதே அளவு வரிகள் இருந்தாலும், தினமும் தொடுவது கடைசி மூன்று மாத ஆர்டர்களை மட்டும் என்றால் நினைவகத்தில் இருக்க வேண்டியது அந்தச் சிறு பகுதிதான். மொத்த அளவை விட, சுறுசுறுப்பாக இருக்கும் பகுதியின் அளவைக் கவனியுங்கள்.

4. அப்போ எதை வச்சுத்தான் தேர்வு பண்றது?

தரவின் வடிவத்தை வைத்து அல்ல, அந்தத் தரவிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளை வைத்து. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு காகிதத்தை எடுத்து, செயலி டேட்டாபேஸிடம் கேட்கும் எல்லாக் கேள்விகளையும் எழுதுங்கள். மொத்த விநியோகஸ்தரின் ஆர்டர் செயலி என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆர்டர் எண்ணின் விவரம் என்ன? இந்தக் கடையின் கடைசி இருபது ஆர்டர்கள் எவை? இன்று அனுப்ப வேண்டிய பாக்கி எது? இந்தப் பொருள் எந்தக் கிடங்கில் எவ்வளவு? இந்த மாதம் எந்த விற்பனையாளர் எந்த மாவட்டத்தில் எந்தப் பிராண்டை அதிகம் விற்றார்? ஒவ்வொன்றின் பக்கத்திலும், நாளைக்கு எத்தனை முறை கேட்கப்படும், எவ்வளவு வேகத்தில் பதில் வேண்டும், ஐந்து நிமிடம் பழைய பதில் வந்தாலும் பரவாயில்லையா என்று குறியுங்கள்.

முதல் நாலு கேள்விகளும் நிலையானவை. இப்படி முன்கூட்டியே தெரிந்த கேள்விகள் மட்டும் இருந்தால் டைனமோடிபி, கசாண்ட்ரா போன்றவை பிரமாதமாக ஓடும். ஐந்தாவது வேறு ஜாதி. இன்று மாவட்டவாரியாகக் கேட்கும் மேலாளர் நாளைக்கு வாரவாரியாக, நிறவாரியாகக் கேட்பார். அந்த மாதிரிக் கேள்விகள் அதிகமாக அதிகமாக எஸ்கியூஎல் பக்கம் சாய வேண்டும், அல்லது அறிக்கைக்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல், ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் நின்றால் யார் எழுந்து பார்ப்பார் என்பது. அந்த ஆளின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், சொந்த சர்வரில் நடத்த வேண்டிய எதையும் தேர்வுப் பட்டியலில் வைக்காதீர்கள்.

5. மாங்கோடிபி எந்த மாதிரி வேலைக்கு எடுபடும்?

ஒன்றாகவே படித்து ஒன்றாகவே எழுதும் தரவுக்கு. பொருள் பட்டியல் நல்ல உதாரணம்: புடவைக்கு நூல், நீளம், ஜரிகை; மிக்ஸிக்கு வாட்ஸ், ஜார் எண்ணிக்கை, உத்தரவாதம். இதை டேபிளாக்கினால் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். ஆவணமாக வைத்தால் அந்தந்தப் பொருளுக்கு வேண்டியது மட்டும் இருக்கும். எந்தப் புலத்துக்கும் இண்டெக்ஸ் போடலாம், கூட்டிக் கழிக்கும் கேள்விகளுக்கும் ஓரளவு நன்றாகவே பதில் தரும். ரிலேஷனல் அல்லாதவற்றில் பொது உபயோகத்துக்கு ஏற்றது இதுதான் என்பது என் கருத்து.

பலரும் மாட்டிக்கொள்வது முடிவில்லாமல் வளரும் பட்டியலில். வாடிக்கையாளர் ஆவணத்துக்குள்ளேயே அவருடைய எல்லா ஆர்டர்களையும் அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு ஆவணம் அதிகபட்சம் 16 எம்பி. அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே ஒவ்வொரு மாற்றமும் மெதுவாகிவிடும். ஆர்டரின் வரிகள் ஆர்டருக்குள் இருக்கலாம், ஏனென்றால் அவை ஓர் அளவோடு நிற்கும். ஆர்டர்கள் வாடிக்கையாளருக்குள் இருக்கக் கூடாது.

6. ஸ்கீமா வேண்டாம்னா டெவலப்பருக்கு வேலை மிச்சம்தானே?

முதல் மாதம் மிச்சம். ஸ்கீமா, அதாவது எந்தப் புலம் எந்த வகையில் இருக்க வேண்டும் என்ற வரையறை, எங்கும் காணாமல் போவதில்லை, டேட்டாபேஸிலிருந்து உங்கள் கோடுக்குள் குடியேறுகிறது. இரண்டு வருடம் ஓடிய தொகுப்பைத் திறந்து பார்த்தால் கைபேசி எண் சிலவற்றில் எண்ணாக, சிலவற்றில் எழுத்தாக, சிலவற்றில் பட்டியலாக இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் மூன்றுக்கும் சேர்த்துக் கோடு எழுத வேண்டும்.

மாங்கோடிபி 3.6 பதிப்பிலிருந்து ஜேசன் ஸ்கீமா கொண்டு ஆவணங்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. முதல் நாளே போடுங்கள். கூடவே ஒவ்வொரு ஆவணத்திலும் வடிவப் பதிப்பு எண் என்று ஒரு புலம் வைத்துவிடுங்கள், பிறகு வடிவம் மாறும்போது எது பழையது என்று தேட வேண்டியதில்லை.

7. டைனமோடிபி ரொம்ப மலிவுன்னு சொல்றாங்களே, நிஜமா?

சரியாக வடிவமைத்தால் நிஜம். சர்வர் இல்லை, பேட்ச் போட வேண்டியதில்லை, 4-ஆம் பதிலில் கேட்ட ராத்திரி இரண்டு மணி ஆள் அமேசானில் இருக்கிறார். ஆனால் இங்கே ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் காசு. எழுதுவது 1 கேபி அலகிலும், படிப்பது 4 கேபி அலகிலும் அளக்கப்படுகிறது. 4.1 கேபி பதிவைக் கண்டிப்பான முறையில் (10-ஆம் பதில்) படித்தால் இரண்டு அலகு போகும். ஒரு பதிவின் உச்சவரம்பு 400 கேபி.

பில் எகிறும் இடங்கள் இரண்டு. ஒன்று, டேபிள் முழுவதையும் படித்துத் தேடும் ஸ்கேன். வடிகட்டி போட்டுப் பத்துப் பதிவுகள்தான் திரும்பி வந்தன என்றாலும், வடிகட்டுவதற்கு முன் படித்த அத்தனைக்கும் கட்டணம் உண்டு. இன்னொன்று, இரண்டாம் நிலை இண்டெக்ஸ்கள். டேபிளில் ஒரு எழுத்து, ஐந்து இண்டெக்ஸிலும் இடம்பெற்றால் ஆறு எழுத்தாகிறது.

மேலாளர் கேட்கும் அந்த ஐந்தாவது வகைக் கேள்வியை நேரடியாக இதனிடம் கேட்காதீர்கள். டேபிளை எஸ்3 என்ற அமேசானின் கோப்புச் சேமிப்பிடத்துக்கு ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, அது டேபிளின் படிக்கும் திறனைத் தின்னாது. அங்கிருந்து அதீனா மாதிரியான கருவியில் எஸ்கியூஎல்லாகவே கேட்டுக்கொள்ளலாம். ஏற்றுமதி வேலை செய்ய, எந்த நேரத்துக்கும் மீட்டெடுக்கும் பேக்கப் வசதியை முன்பே இயக்கியிருக்க வேண்டும்.

8. பார்ட்டிஷன் கீயா தேதியை வச்சுட்டோம். பிரச்சினையா?

பெரும்பாலும் ஆமாம். பார்ட்டிஷன் கீயைப் பார்த்துத்தான் பதிவு எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று டேட்டாபேஸ் முடிவு செய்கிறது. தேதியை வைத்தால் இன்றைய எழுத்து முழுவதும் ஒரே இடத்தில் போய் விழும், மற்ற இடங்கள் சும்மா இருக்கும். டோல்கேட்டில் பத்துக் கவுன்ட்டர் திறந்து வைத்துவிட்டு எல்லா வண்டியையும் ஒரே வரிசையில் விட்ட கதைதான். டைனமோடிபியில் ஒரு பார்ட்டிஷன் நொடிக்கு 1,000 எழுத்து அலகு, 3,000 படிப்பு அலகு வரைதான் தாங்கும், மொத்த டேபிளுக்கு நீங்கள் எவ்வளவு திறன் வாங்கியிருந்தாலும் சரி.

கடை எண், வாடிக்கையாளர் எண் போல நிறைய வேறுபட்ட மதிப்புகள் உள்ளதைக் கீயாக வையுங்கள், தேதியை அதற்குள் வரிசைப்படுத்தும் கீயாக வையுங்கள். அதிலும் ஒரு சிக்கல் வரலாம்: பாதி வியாபாரம் ஒரே பெரிய வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், அவருடைய எண் மட்டும் சூடாகும். அப்போது அவருடைய கீயோடு ஒரு சிறு எண்ணைப் பின்னொட்டாகச் சேர்த்துப் பத்தாகப் பிரிப்பது வழக்கம், படிக்கும்போது பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

டைனமோடிபியில் டேபிளின் கீயைப் பிறகு மாற்ற முடியாது, புது டேபிள் போட்டு நகர்த்துவதுதான் வழி. மாங்கோடிபியில் 5.0 பதிப்பிலிருந்து ஷார்டு கீயை (அங்கே பார்ட்டிஷன் கீக்கு இதுதான் பெயர்) மாற்றி மறுபடி பரப்ப முடியும், ஆனால் வேலை நேரத்தில் செய்கிற காரியம் அல்ல.

9. கசாண்ட்ரா எங்களுக்கு ஒத்து வருமா?

நொடிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டும் வண்டி இருப்பிடத் தகவல், மீட்டர் அளவீடு, இயந்திர சென்சார் என்றால் யோசிக்கலாம். பில்லிங் மென்பொருளுக்கு என்றால் வேண்டாம்.

இதில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டேபிள் என்ற கணக்கில் வடிவமைக்க வேண்டும், ஒரே தரவு மூன்று டேபிளில் இருப்பது சகஜம். இரண்டு டேபிளை இணைத்துக் கேட்கும் ஜாயின் கிடையாது. குறைந்தது மூன்று நோட் (தொகுதியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட்) வேண்டும், அவற்றுக்கிடையே தரவை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேர் வேலையை முறையாக ஓட்ட வேண்டும். அதைவிட மோசமானது அழிப்பு. ஒரு பதிவை அழித்தால் அது உடனே போகாது, அழிந்ததாக ஒரு கல்லறைக் குறி எழுதப்படும். இயல்பு அமைப்பில் அந்தக் குறி குறைந்தது 10 நாள் இருக்கும். ஒரு நோட் படுத்திருந்து திரும்பி வரும்போது அழிந்த பதிவு உயிர் பெறாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. எழுதி, எடுத்து, அழித்து என்று வரிசைபோல இதைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு படிப்பும் ஆயிரக்கணக்கான குறிகளைத் தாண்டித்தான் உயிருள்ள பதிவை அடையும்.

3-ஆம் பதிலில் சொன்ன டிஸ்கார்டு அடுத்து இங்கேதான் வந்தது. 2022-இல் செய்திகளை 177 கசாண்ட்ரா நோட்களிலிருந்து 72 சில்லாடிபி நோட்களுக்கு மாற்றினார்கள். சில்லாடிபி அதே மாதிரியை சி++ மொழியில் திரும்ப எழுதியது. அவ்வளவு கைதேர்ந்த பொறியாளர்களுக்கே பராமரிப்பு தலைவலியாக இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

10. 'ஈவென்சுவல் கன்சிஸ்டன்சி'ன்னு போட்டிருக்கு. பணம் காணாமப் போயிடுமா?

காணாமல் போகாது, ஆனால் சற்று நேரம் பழைய தொகை தெரியலாம். தரவின் பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்றில் எழுதியது மற்றவற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் யாராவது படித்தால் பழையது வரும். பொருளின் விளக்கம், மதிப்பீட்டு நட்சத்திரம் போன்றவற்றில் யாருக்கும் நஷ்டமில்லை. கடன் பாக்கியைப் பார்த்துச் சரக்கு அனுப்பும் இடத்தில் நஷ்டம்.

இதை நீங்கள் கட்டுப்படுத்தலாம். கசாண்ட்ராவில் மூன்று பிரதிகளில் இரண்டில் எழுதி, இரண்டில் படித்தால், குறைந்தது ஒரு பிரதியாவது இரண்டிலும் பொதுவாக இருக்கும், புதியது தவறாது. டைனமோடிபியில் கண்டிப்பான படிப்பு என்று கேட்கலாம், விலை இரண்டு மடங்கு, ஆனால் குளோபல் வகை இரண்டாம் நிலை இண்டெக்ஸில் அது கிடையாது. இந்தக் கடைசிப் பாதி பலருக்கும் தெரிவதில்லை, பாக்கித் தொகையை அந்த இண்டெக்ஸ் வழியாகப் படித்துவிட்டு அப்புறம் வருத்தப்படுவார்கள்.

ஸ்டாக் மாதிரியான எண்ணில், படித்துக் கழித்துத் திருப்பி எழுதும் பழக்கமே வேண்டாம். "கையிருப்பு ஐந்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் ஐந்தைக் கழி" என்று நிபந்தனையோடு ஒரே கட்டளையாக அனுப்புங்கள். டைனமோடிபி, மாங்கோடிபி இரண்டிலும் இது எளிது. இரண்டு பேர் ஒரே சமயம் கடைசிப் பெட்டியை எடுக்க வந்தாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

11. இப்பதான் எல்லாத்துலயும் ட்ரான்ஸாக்ஷன் வந்துடுச்சே, கணக்குப் புத்தகத்தையும் இதுலயே வச்சா என்ன?

ட்ரான்ஸாக்ஷன், அதாவது பல மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற உத்தரவாதம், வந்தது உண்மை. மாங்கோடிபியில் பல ஆவணங்களைச் சேர்த்த ட்ரான்ஸாக்ஷன் 2018-இல் 4.0 பதிப்பில் வந்தது, டைனமோடிபியிலும் அதே ஆண்டு. டைனமோடிபியில் இப்போது ஒரு ட்ரான்ஸாக்ஷனில் 100 பதிவுகள் வரை தொடலாம், அலகுக் கட்டணம் இரட்டிப்பு. ஆர்டரைப் பதிந்து ஸ்டாக்கைக் குறைக்க இது தாராளம்.

பேரேட்டை மட்டும் ரிலேஷனலிலேயே விடுங்கள் என்பது என் பிடிவாதம். கணக்கில் பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும், இல்லாத கணக்குத் தலைப்பில் பதிவு விழக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளை டேட்டாபேஸே காவல் காப்பதும், உங்கள் கோடு நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதும் ஒன்றல்ல. ஆடிட்டர் கேட்கும் கேள்விகள் எல்லாம் 4-ஆம் பதிலின் ஐந்தாவது ஜாதி. போதாக்குறைக்கு, 2023 ஏப்ரல் முதல் இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் திருத்தப் பதிவேடு அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

12. ஆனா ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் ஜேசன்லதானே போகுது? அதுக்கு டாக்குமென்ட் டேட்டாபேஸ்தானே பொருத்தம்?

நல்ல கேள்வி, ஆனால் ஒரு தரவு எந்த வடிவத்தில் பயணம் செய்கிறது என்பதும், எந்த வடிவத்தில் தங்க வேண்டும் என்பதும் வேறு வேறு. அனுப்பிய ஜேசனையும், திரும்பி வந்த கையொப்பமிட்ட பதிலையும் ஓர் எழுத்து மாறாமல் அப்படியே சேமித்து வையுங்கள், நாளைக்கு வழக்கு என்றால் அதுதான் பேசும். இதற்குச் சாதாரண உரை நெடுவரிசையே நல்லது. ஜேசன்பி உள்ளே வாங்கும்போது இடைவெளியையும் புலங்களின் வரிசையையும் மாற்றிவிடும். பக்கத்திலேயே இன்வாய்ஸ் எண், தேதி, வாங்குபவரின் ஜிஎஸ்டி எண், தொகை, 64 எழுத்து ஐஆர்என் (இன்வாய்ஸ் பதிவு எண்) ஆகியவற்றைத் தனி நெடுவரிசைகளாக எடுத்து வைத்துவிட்டால் தேடலும் அறிக்கையும் முடிந்தது.

13. ரெடிஸ்தான் ரொம்ப வேகமாச்சே, அதையே மெயின் டேட்டாபேஸா வச்சுக்கலாமா?

வேகம் நினைவகத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு எழுத்தையும் கோப்பில் தொடர்ந்து பதியும் முறையை இயக்கினாலும், வழக்கமான அமைப்பில் அது நொடிக்கு ஒருமுறைதான் வட்டுக்குப் போகிறது. கரண்ட் போனால் ஏறக்குறைய ஒரு நொடி ஆர்டர்கள் போகும். லாகின் செஷன், தற்காலிகக் கூடை, அடிக்கடி படிக்கும் விலைப்பட்டியலின் நகல், இவற்றுக்கு ரெடிஸ் அருமை. போனால் திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடியதை மட்டும் அதில் வையுங்கள்.

14. நியோ4ஜே யாருக்கு?

கேள்வியே உறவைப் பற்றியதாக இருப்பவர்களுக்கு. ஒரே கைபேசி எண், ஒரே முகவரி, ஒரே வங்கிக் கணக்கைப் பகிரும் கடன் விண்ணப்பங்களைத் தேடுவது மாதிரி. எத்தனை படி தள்ளி உறவு இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாதபோது இதன் பலம் தெரியும். "யார் யாருக்கு மேலதிகாரி" என்ற அளவுக்கு எஸ்கியூஎல்லின் சுழல் வினவலே போதும்.

15. எங்க சேல்ஸ் ஆட்கள் போற ஊர்ல சிக்னலே இல்ல. என்ன பண்றது?

இது ரிலேஷனல் அல்லாதவை உண்மையிலேயே முந்தும் இடம். கவுச்டிபியும் அதன் பிரவுசர் சகோதரன் பவுச்டிபியும் இதற்காகவே பிறந்ததுபோல இருக்கும்: போனில் எழுதி, சிக்னல் வந்ததும் ஒத்திசைக்கும். ஃபயர்ஸ்டோரும் ஆஃப்லைனில் வேலை செய்யும்.

சிக்கல் மோதலில். ஒரே கடையின் கடன் வரம்பை இரண்டு பேர் தனித்தனியே மாற்றிவிட்டு ஊர் திரும்பினால்? ஃபயர்ஸ்டோரில் கடைசியாக வந்து சேர்ந்தது நிலைக்கும். கவுச்டிபி ஒன்றை வெற்றி பெற்றதாக எடுத்துக்கொண்டு, மற்றதையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கும், யாராவது தீர்த்து வைக்க வேண்டும். இதற்கு டேட்டாபேஸை விட வடிவமைப்பு உதவும். ஊரில் இருப்பவர்கள் பழைய பதிவைத் திருத்தாமல், புதுப் பதிவை மட்டும் சேர்க்கும்படி செயலியை அமையுங்கள். "வரம்பை மாற்று" என்பதற்குப் பதில் "வரம்பை மாற்றக் கோரிக்கை". மோதலே வராது.

16. லைசன்ஸ் எல்லாம் திடீர்னு மாறுதாமே, நாங்க மாட்டிப்போமா?

மாங்கோடிபி 2018-இலும், தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் 2021-இலும், ரெடிஸ் 2024-இலும் உரிமத்தை இறுக்கின. பெரிய கிளவுட் நிறுவனங்கள் அந்த மென்பொருளையே சேவையாக விற்பதைத் தடுப்பதுதான் நோக்கம். உங்கள் கம்பெனி வேலைக்காகப் பயன்படுத்தினால் பெரும்பாலும் பாதிப்பு இல்லை. அதையே வாடிக்கையாளருக்கு டேட்டாபேஸ் சேவையாக விற்றால் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கிளைகளும் முளைத்தன: எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓபன்சர்ச், ரெடிஸிலிருந்து வால்கீ. அதன் பிறகு எலாஸ்டிக் 2024-இலும், ரெடிஸ் 2025-இலும் திறந்த மூல உரிமம் ஒன்றைத் தெரிவாகச் சேர்த்தன. அமேசானின் டாக்குமென்ட்டிபி மாங்கோவின் மொழியில் பேசும், ஆனால் மாங்கோவின் எல்லா வசதிகளும் அதில் இல்லை. "ஒத்துப்போகும்" என்ற சொல்லை நம்பி வாங்காமல், உங்கள் கோடின் சோதனைகளை அதன்மேல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

17. செலவு பாத்தா நாங்களே ஒரு சர்வர்ல போட்டுக்கலாம்னு தோணுது. சரியா?

4-ஆம் பதிலில் கேட்ட ஆள் இருந்தால் சரி. 2017 ஜனவரியில், இணையத்தில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த பல்லாயிரக்கணக்கான மாங்கோடிபி சர்வர்களைத் தேடிப் பிடித்து, தரவை அழித்துவிட்டுப் பிணைத்தொகை கேட்டார்கள். மென்பொருளை உடைத்து யாரும் நுழையவில்லை, கதவே பூட்டப்படவில்லை. இன்றைய பதிப்புகள் இயல்பாகவே உள்ளூர் இணைப்பை மட்டும் ஏற்கும். ஆனாலும், வெளியிலிருந்து இணைப்பு வரவில்லையே என்று அதை அவசரமாகத் திறந்துவிடும் பழக்கம் போகவில்லை.

மூன்று நோட் சர்வர் வாடகை, பேக்கப் இடம், கண்காணிப்பு, அதைப் பார்க்கும் ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கு, இவ்வளவையும் கூட்டிவிட்டு விற்பவரே நடத்தித் தரும் மேனேஜ்டு சேவையின் விலையோடு ஒப்பிடுங்கள். தரவு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்றால் அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பை, டெல்லியிலும் மையங்கள் உண்டு. பணப்பரிவர்த்தனை அமைப்புத் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

18. ஒவ்வொரு வேலைக்கும் ஒண்ணுன்னு மூணு நாலு டேட்டாபேஸ் வச்சா நல்லதுதானே?

படத்தில் அழகாக இருக்கும். நடப்பில் ஒவ்வொன்றுக்கும் பேக்கப், பதிப்பு உயர்வு, அனுமதிகள், தெரிந்த ஆள் என்று நாலு மடங்கு வேலை. போஸ்ட்கிரெஸ் ஒன்று, பக்கத்தில் ரெடிஸ் மாதிரி ஒரு கேஷ் (தற்காலிக நகல் வைக்கும் இடம்), தேவை நிரூபணமான பின் மூன்றாவது ஒன்று. இதற்கு மேல் சிறு குழு போக வேண்டாம்.

இரண்டு இடம் வைத்தால் வரும் பெரிய ஆபத்து, ஒரே செயலை இரண்டிலும் எழுதுவது. முதலில் எழுதிவிட்டது, இரண்டாவது எழுதும் முன் சர்வர் விழுந்தது, இரண்டும் வேறு கதை சொல்கின்றன. ஓரிடத்தை மூலமாக வைத்து, அங்கே நடந்த மாற்றங்களைப் படித்து மற்றதை நிரப்புங்கள். மாங்கோடிபியிலும் டைனமோடிபியிலும் அந்த மாற்ற ஓடை வசதி இருக்கிறது. டைனமோடிபி ஓடையில் மாற்றங்கள் 24 மணி நேரம்தான் தங்கும், படிக்கிற நிரல் வார இறுதியில் நின்று திங்கட்கிழமை கவனித்தால் இடையில் ஓட்டை விழுந்திருக்கும்.

19. தப்பா எடுத்துட்டா பின்னாடி மாத்த முடியுமா?

முடியும், வலிக்கும். 2-ஆம் பதிலில் வந்த கார்டியன் செய்தது நல்ல முன்மாதிரி. போஸ்ட்கிரெஸை வைத்துப் புது ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் தரவைக் கேட்கும் வாசல்) ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே எழுப்பினார்கள். நடுவில் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் ஒரு பிராக்ஸி. வரும் கோரிக்கை பழையதற்குப் போய்ப் பதில் திரும்பும், அதே கோரிக்கை பின்னணியில் புதியதற்கும் போகும், பதில்கள் வேறுபட்டால் பதிவாகும். வேறுபாடுகளைத் தீர்த்த பிறகுதான் புதியதை முதன்மையாக்கினார்கள்.

இதற்கு இன்றே செய்ய வேண்டியது, டேட்டாபேஸ் கட்டளைகளைக் கோடு முழுக்கத் தூவாமல் ஓரிடத்தில் அடக்குவது. "எந்த டேட்டாபேஸுக்கும் மாறலாம்" என்று பொதுவான அடுக்கு கட்டுவதை நான் சொல்லவில்லை. அப்படிக் கட்டியவர்கள், காசு கொடுத்து வாங்கிய டேட்டாபேஸின் நல்ல வசதிகளைத் தாங்களே தொட முடியாமல் செய்துகொள்கிறார்கள்.

20. ரெண்டுல ஒண்ணுன்னு வந்து நிக்கிறோம். டெமோ பாத்தா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எப்படி முடிவு பண்றது?

டெமோ எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அவர்களுடைய தரவு, அவர்களுடைய கேள்வி. உங்கள் தரவைப் பெயர், எண் மறைத்து இரண்டிலும் ஏற்றுங்கள். 4-ஆம் பதிலின் காகிதத்திலிருந்து அதிகம் கேட்கப்படும் மூன்று கேள்விகளையும், மிகவும் எரிச்சலூட்டும் ஒரு கேள்வியையும் எடுத்து, தீபாவளி வார நெரிசலுக்குச் சமமான சுமையில் ஓட்டுங்கள். சராசரி நேரத்தை விட்டுவிட்டு, நூறில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். கவுன்ட்டரில் திட்டு வாங்கித் தருவது அந்த ஒன்றுதான்.

பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நோடை நிறுத்துங்கள், செயலி என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நேற்றைய பேக்கப்பை ஒரு வெற்று இடத்தில் மீட்டெடுங்கள், யார் செய்தார், எத்தனை மணி நேரம் ஆனது என்று குறியுங்கள். கிளவுட் சேவை என்றால் சோதனை வாரத்தின் பில்லை எடுத்து, எந்தக் கேள்விக்கு எவ்வளவு போனது என்று பிரித்துப் பாருங்கள். இதற்கெல்லாம் பிறகும் இரண்டும் சமம் என்றால், உங்கள் குழுவில் அதிகம் பேருக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.